கணினியும் அதன் மின்வழங்கியும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இம்மேடையில் நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் பெரிய விஷயங்களைப் பற்றிப் பேசினார்கள். நாமோ ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அது கணினிக்குள்ளே ஒரு மூலையில் இருப்பது, எவரும் அதைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் பாராட்டுவதில்லை. மின்வழங்கி என்பது அதன் பெயர். இதற்கு ஒரு பேச்சு வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதை நாம் நட்டப்பட்டே அறிந்தோம். அந்த நட்டம் நம்முடையது மட்டுமன்று, மன்றத்தினுடையது. ஆதலால், நடந்ததை மறையாது கூறுவதும், அது மீண்டும் நிகழாதிருக்க வழி சொல்வதும் நம் கடமையாகின்றன.

நம் வாசிகசாலையில் உள்ள கணினியை நீங்கள் அறிவீர்கள். லண்டனில் வாழும் பழைய உறுப்பினர் ஒருவர் அனுப்பிவைத்தது. பரீட்சைப் பெறுபேறு பார்க்க வரும் பிள்ளைகளும், விண்ணப்பம் நிரப்ப வரும் இளைஞர்களும், வெளிநாட்டிலுள்ள மக்களின் முகத்தைப் பார்த்துப் பேச வரும் பெற்றோரும் அதனை நாடி வருகின்றனர். இவற்றினும் மேலாக ஒரு பணி அதில் நடந்துவந்தது. மன்றத்தின் பழைய ஆண்டு மலர்களைப் படம்பிடித்து ஒரு வன்தட்டிற் சேர்த்து வைத்திருந்தோம். மற்றொரு வன்தட்டில், நம்மூர் முதிய ஆசிரியர் ஒருவர் தம் இளமைக்கால ஊர்நிலையைப் பற்றிப் பேசிய பேச்சுக்களைப் பதிவு செய்திருந்தோம். பதினொரு மணித்தியாலப் பேச்சு அது. பதிவு முடிந்த அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒரு நாள் மாலை, இடியும் மின்னலுமாய் மழை பெய்து ஓய்ந்தபின், கணினி உயிரற்றுக் கிடந்தது. மின்வழங்கி பழுதாகிவிட்டது என்று கண்டோம். அதனைக் கண்டது சரியே. புதியது ஒன்றைத் தேர்ந்து வாங்கினோம். அந்தத் தேர்வும் சரியே. அதனைப் பொருத்தியபோது ஒரே ஒரு பிழை செய்தோம். அந்தப் பிழையினால் இரண்டு வன்தட்டுக்களும் ஒரு நொடியிற் பட்டுப்போயின. அப்பிழை யாது என்பதை அதற்குரிய இடத்திற் கூறுவோம். முன்னர்ச் சில அடிப்படைகளை விளங்கிக்கொள்ளாவிடின் அது விளங்காது.

நம்மூர்த் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் பெருவேகத்தில் வருகின்றது. அதனை அப்படியே வெங்காயப் பாத்தியில் விட்டால் நாற்று நிலைக்குமோ? வாய்க்காலில் விட்டு, மடைமாற்றி, ஒவ்வொரு பாத்திக்கும் வேண்டிய அளவே பாய்ச்சுகின்றோம். மின்வழங்கி செய்வதும் இதுவே. சுவரிலுள்ள குதையில் வருவது 230 வோல்ற்று மின். அது ஒரு வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடும் ஆடலோட்டம். கணினியின் உறுப்புக்களுக்கு வேண்டியதோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். அதுவும் 12 வோல்ற்று, 5 வோல்ற்று, 3.3 வோல்ற்று என மிகச் சிறிய அளவுகளில். பெட்டியானது சுவர் மின்னை முதலில் 325 வோல்ற்று அளவிலான நேரோட்டமாக்கி, அதனை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறியதொரு மின்மாற்றியினூடாகச் செலுத்தி, வேண்டிய அளவுகளுக்கு இறக்கித் தருகின்றது. தரும் அளவு 5 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. அஃதாவது, 12 வோல்ற்று என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்றல் வேண்டும்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தனியாட் கணினியின் மின்வழங்கி 63.5 வாற்று மட்டுமே வழங்கியது. ஓர் அறையின் மின்குமிழுக்கு வேண்டிய அளவு. 1995ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை வகுத்தது. பெட்டியின் பருமன், திருகாணித் துளைகளின் இடம், தாய்ப்பலகைக்குச் செல்லும் இணைப்பியின் வடிவம் ஆகிய அனைத்தும் அதில் வரையறுக்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் பெட்டியை மற்றொரு நிறுவனத்தின் கணினியில் நாம் இன்று பொருத்தக்கூடியதாக இருப்பது அந்த வரையறையின் பயனே. அந்த வரையறை எங்கே முடிகின்றதோ அங்கேதான் ஆபத்துத் தொடங்குகின்றது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி, கணினி இயங்கவில்லையெனின், உடனே மின்வழங்கியின்மேற் பழி சுமத்தலாகாது. முதலிற் சுவர்க்குதையில் வேறொரு விளக்கைச் செருகிப் பாருங்கள். மின்கம்பியை மாற்றிப் பாருங்கள். பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறிய ஆளி அணைந்திருக்கின்றதோ என்று பாருங்கள்; வாசிகசாலையைப் பெருக்குவோரின் துடைப்பம் பட்டு அது அணைந்ததும் உண்டு. இவையெல்லாம் சரியாயிருந்தும் கணினி எழவில்லையெனின், அல்லது எழுந்து வேலை கூடும்போது தானாகவே அணைந்து மீண்டும் எழுகின்றதெனின், அல்லது கருகிய மணம் வீசுகின்றதெனின், ஐயம் மின்வழங்கியின்மேற் செல்லலாம்.

பெரிய இணைப்பியிலுள்ள பச்சைக் கம்பியின் முனையையும் கறுப்புக் கம்பி ஒன்றின் முனையையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்துப் பார்ப்பது பலரும் அறிந்த சோதனை. பெட்டியைக் கணினியிலிருந்து முற்றாகக் கழற்றிய பின்னரே, பழகியவர் ஒருவரின் முன்னிலையில் அதனைச் செய்தல் வேண்டும். விசிறி சுழலவில்லையெனின் பெட்டி பெரும்பாலும் இறந்தது எனலாம். சுழன்றால், உயிர் இருக்கின்றது என்பது மட்டுமே பொருள். வலு இருக்கின்றது என்பது பொருளன்று. படுக்கையில் எழுந்திருந்த நோயாளி தோட்டங் கொத்துவான் என்று எவரும் சொல்வதில்லையே! நன்றாக இயங்கும் வேறொரு மின்வழங்கியைப் பொருத்திப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

பெட்டியைத் திறந்து உள்ளே பழுது பார்ப்போமா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். ஒருபோதும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவி முந்நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னைத் தேக்கி வைப்பது. சுவரிலிருந்து கழற்றிய பின்னரும் அது சிலகாலம் அங்கே தங்கியிருக்கக்கூடும். அது உயிரைக் குடிக்கவல்லது. இதிற் சிக்கனமும் துணிவும் காட்டுதல் அறியாமை.

இனித் தேர்வைப் பற்றிக் கூறுவோம். முதலாவதாகப் பார்க்க வேண்டியது வடிவம். ஏ.டி.எக்ஸ். பெட்டியின் அகலம் 150 மில்லிமீற்றர், உயரம் 86 மில்லிமீற்றர். நீளம் பெரும்பாலும் 140 மில்லிமீற்றர், வலுக்கூடியவற்றில் அதனினும் மிகும். பழைய பெட்டியை அளவுகோலால் அளந்துகொண்டே கடைக்குச் செல்லுங்கள். ஆயினும், டெல், எச்.பி., லெனோவோ முதலிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பல, பாவித்தவையாக நம் நாட்டுச் சந்தைக்கு வருகின்றன. அவற்றுட் பலவற்றின் மின்வழங்கி அந்நிறுவனத்துக்கே உரிய வடிவிலும் இணைப்பியிலும் அமைந்தது. பொதுப்பெட்டி அங்கே பொருந்தாது. பொருந்தாதது நல்லது, ஏனெனில், பொருந்தாதது தீங்கு செய்யாது. 1990களின் பிற்பகுதியில் வந்த டெல் கணினிகள் சிலவற்றில், பார்வைக்குப் பொதுவான 20 முனை இணைப்பியே இருந்தது. ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. பொதுப்பெட்டியை வாங்கிச் செருகியவர்கள் தாய்ப்பலகையைப் பறிகொடுத்தார்கள்.

இரண்டாவது வலு. கணினியின் உறுப்புக்கள் உண்ணும் வாற்றுக்களைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். நம் வாசிகசாலைக் கணினியின் செயலி இன்ரெல் ஐ5-4590; அதன் மதிப்பு 84 வாற்று. தாய்ப்பலகை, நினைவகம், விசிறிகள் ஆகியவற்றுக்கு 50 வாற்று எனவும், இரண்டு வன்தட்டுக்களுக்கு 20 வாற்று எனவும் கொள்வோம். கூட்டினால் 154 வாற்று. வன்தட்டுச் சுழலத் தொடங்கும்போது சிலகணம் இரண்டு மடங்குக்கும் அதிகமாக உண்ணும். இவற்றுக்கெல்லாம் இடம்விட்டாலும் 400 வாற்றுப் பெட்டி தாராளமாகப் போதும். விளையாட்டுக்காகக் கணினி கட்டும் தம்பிமாருக்கோ கணக்கு வேறு. ஐ5-12400 செயலி முழுவேகத்தில் 117 வாற்று வரை உண்ணும், ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் வரைவியல் அட்டை 170 வாற்று உண்ணும். அந்த அட்டையைச் செய்த நிறுவனமே 550 வாற்றுப் பெட்டி வேண்டும் என்று விதித்திருக்கின்றது. வேண்டியதினும் மிகப் பெரியதை வாங்குவதாற் கெடுதல் இல்லை; காசுதான் வீண். வேண்டியதினும் சிறியதை வாங்கினாற் கணினியே வீண்.

மூன்றாவது, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு. கடைக்காரர் காட்டும் பெரிய எழுத்தைப் பாராதீர்கள். சிறிய எழுத்தைப் பாருங்கள். இக்காலக் கணினி தன் வலுவிற் பெரும்பகுதியை 12 வோல்ற்றுக் கம்பியிலிருந்தே எடுக்கின்றது. எனவே, 12 வோல்ற்றுக்கு எதிரே எத்தனை அம்பியர் எழுதியிருக்கின்றது என்று பார்த்து, அதனைப் பன்னிரண்டாற் பெருக்குங்கள். 37 அம்பியர் என்றிருந்தால் 444 வாற்று; 450 வாற்றுப் பெட்டிக்கு அது நேர்மையான சீட்டு. நாம் கடை கடையாக ஏறி இறங்கியபோது, "500 வாற்று" என்று கொட்டை எழுத்திற் போட்ட ஒரு பெட்டியில், 12 வோல்ற்றுக்கு 16 அம்பியர் என்றே இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 192 வாற்று! மீதி முந்நூறும் எங்கே போயின? விலை மட்டும் நல்ல பெட்டியின் மூன்றிலொரு பங்கு. நம்முடன் வந்த பெரியவர், "தம்பி, இதையே வாங்குவம், மிச்சக் காசுக்குப் புத்தகம் எடுக்கலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு; மன்றத்தின் காசு சந்தாக் காசு. பெருக்கல் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் அவரே, "அப்ப இது பொய்ப் பெட்டியல்லோ!" என்றார்.

நான்காவது, திறன். உள்ளே செல்லும் மின்னெல்லாம் வெளியே வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாய்க் கழிகின்றது. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய 80 பிளஸ் என்னும் சான்றுத்திட்டம் இதனை அளந்து, வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரம் பிரிக்கின்றது. கணினி 100 வாற்று உண்கின்றது என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதத் திறனுள்ள மலிவுப்பெட்டி சுவரிலிருந்து 143 வாற்று இழுக்கும். 90 சதவீதத் திறனுள்ளது 111 வாற்றே இழுக்கும். வித்தியாசம் 32 வாற்று. நாளொன்றுக்கு 6 மணித்தியாலமாக ஆண்டில் 300 நாள் இயங்கினால், 57 அலகுக்கு மேல் மின்சாரம் மிஞ்சும். மலிவான பெட்டி ஆண்டுதோறும் மின்பட்டியலில் தன் விலையை வாங்கிக்கொண்டே இருக்கின்றது என்பதற்கு இது சான்று. ஆயினும், இச்சான்று திறனுக்கு மட்டுமே உரியது, காவலுக்கு உரியதன்று. மிகையான மின்னழுத்தம், மிகையான சுமை, குறுஞ்சுற்று ஆகியன நேர்ந்தாற் பெட்டி தானே அணைந்துவிடும் காப்பு அமைப்புக்கள் உண்டோ என்பதையும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் தனியே கேட்டறிதல் வேண்டும்.

ஐந்தாவது, நம் நாட்டு மின்சாரத்தின் இயல்பு. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர் அனுப்பும் பழைய கணினிகளின் பின்புறத்தில் ஒரு சிறிய சிவப்பு ஆளி இருக்கக்கூடும். அதில் 115 என்றும் 230 என்றும் எழுதியிருக்கும். அந்நாடுகளில் 115 என்ற பக்கத்தில் வைத்திருப்பர். அதனை மாற்றாது இங்கே செருகினால் வெடியோசையுடன் பெட்டி முடிந்துவிடும். புதியவை பல 100 முதல் 240 வோல்ற்று வரை தாமே ஏற்பன, அப்படிப்பட்டதையே வாங்குங்கள்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களிற் பலர் யூ.பி.எஸ். என்னும் மின்கலக் கருவியை வாங்கினர். அது நல்லதே. ஒரு நல்ல மின்வழங்கி, சுவர் மின் நின்ற பின்னரும் ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்களவு நேரம் கணினியைத் தாங்கும். அந்தச் சிறுபொழுதுக்குள் யூ.பி.எஸ். கைகொடுத்துவிடும். மலிவுப்பெட்டி அத்துணையும் தாங்காது, யூ.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்துவிடுகின்றது என்று சிலர் முறையிடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. பருவமழைகளுக்கு இடைப்பட்ட சித்திரை, ஐப்பசி மாதங்களில் இடிமுழக்கம் கேட்டவுடன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்னலுக்கு அதனினும் சிறந்த காவல் இல்லை. நாம் அன்று கழற்றாததே முதற் கேட்டுக்குக் காரணம்.

இனிப் பொருத்தும் முறை. முதலிற் செய்ய வேண்டியது கணினியைத் தொடுவதன்று. அதிலுள்ளவற்றுக்குப் பிரதி எடுப்பது. கணினி எழாதபோது பிரதி எடுப்பது எங்ஙனம் என்று கேட்பீர்கள். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து எடுக்கலாம். ஒரு மாலைப் பொழுதின் வேலை. அதனை நாம் செய்யவில்லை.

பின்னர், செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஆளியை அணைப்பது மட்டும் போதாது. கழற்றிய பின் கணினியின் இயக்கு பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். தாய்ப்பலகையில் எஞ்சிய மின் வடிந்துவிடும். உடலிலுள்ள நிலைமின் நுண்ணிய உறுப்புக்களைக் கெடுக்கும். ஆதலால், கணினிக் கூட்டின் வெற்றிரும்பை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து, எந்தக் கம்பி எங்கே செல்கின்றது என்பதைக் கைபேசியில் நாலு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னரே ஒவ்வோர் இணைப்பியாகக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுத்தலாகாது. இணைப்பியின் காதை அமர்த்தி, இணைப்பியைப் பிடித்தே இழுத்தல் வேண்டும். பின்புறத்திலுள்ள நான்கு திருகாணிகளையும் கழற்றும்போது பெட்டியை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். இல்லையெனில் அது தாய்ப்பலகைமேல் விழும்.

புதிய பெட்டியை வைக்கும்போது, விசிறி காற்றுவழி உள்ள பக்கத்தை நோக்கி இருக்கட்டும். நான்கு திருகாணிகளையும் முதலில் இளக்கமாகப் பூட்டி, இடம் சரியானபின் இறுக்குங்கள். 24 முனை இணைப்பி தாய்ப்பலகைக்கு. 4 அல்லது 8 முனை இணைப்பி செயலியின் அருகே. இதனை மறப்போர் பலர். மறந்தால் விசிறி சுழலும், திரை இருண்டே இருக்கும். வரைவியல் அட்டைக்கும் 8 முனை இணைப்பி ஒன்று உண்டு. அதுவும் செயலிக்குரியதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே 12 வோல்ற்றும் நிலமும் இடம்மாறியிருக்கும். அவற்றைச் செய்தோர் துளைகளின் வடிவத்தைச் சற்றே வேறுபடுத்தி நம்மைக் காத்திருக்கின்றனர். ஆதலால், எந்த இணைப்பியையும் பலங்கொண்டு அமுக்காதீர்கள். இலகுவிற் போகாதது அங்கே போக வேண்டியதன்று.

இப்போது நாம் செய்த பிழைக்கு வருவோம். சில மின்வழங்கிகளின் கம்பிகள் பெட்டியோடு ஒட்டியே வருவன. வேறு சிலவற்றின் கம்பிகளோ இருபுறமும் கழற்றத்தக்கவை. வேண்டியவற்றை மட்டும் செருகிக்கொள்ளலாம். நம் பழைய பெட்டியும் புதிய பெட்டியும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. செய்த நிறுவனங்கள் மட்டும் வேறு. வன்தட்டுக்களுக்குச் செல்லும் பழைய கம்பி, கூட்டின் பின்புறத்தே இறுகக் கட்டப்பட்டு ஒழுங்காய்க் கிடந்தது. அதனைக் கழற்றுவது சிரமம். அதன் முனையைப் புதிய பெட்டியின் குதையில் வைத்துப் பார்த்தோம். "கிளிக்" என்ற ஓசையுடன் அது சென்று அமர்ந்தது. புதிய கம்பியைப் பொதியிலேயே விட்டுவிட்டோம். பத்து நிமிட வேலை மிச்சம் என்று மகிழ்ந்தோம்.

கம்பியின் வன்தட்டுப் பக்கத்து முனை எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவானது, அது விதிக்குட்பட்டது. பெட்டிப் பக்கத்து முனையோ எந்த விதிக்கும் உட்பட்டதன்று. எந்தத் துளையில் எந்த வோல்ற்று என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்கின்றது. ஒரே நிறுவனத்தின் இருவேறு பெட்டிகளில்கூட அது வேறுபடலாம். வரையறை முடியும் இடத்தில் ஆபத்துத் தொடங்கும் என்று முன்னர்ச் சொன்னோம் அல்லவா? அந்த இடம் இதுவே. ஆளியைப் போட்டோம். 5 வோல்ற்று செல்ல வேண்டிய கம்பியில் 12 வோல்ற்றுச் சென்றது. சிறியதொரு ஓசை, கருகிய மணம், பெட்டியின் காப்பு தன் கடமையைச் செய்து அணைந்தது. அதற்கிடையில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

இரண்டு தட்டுக்களையும் கொழும்பிலுள்ள பழுதுபார்ப்போர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். மிகையான அழுத்தம் வந்தாற் தான் எரிந்து மற்றவற்றைக் காக்கும் சிறியதோர் இருவாயி வன்தட்டுக்களின் சுற்றுப்பலகையில் உண்டு. முதலாவது தட்டில் அந்த இருவாயி தன்னைப் பலிகொடுத்திருந்தது. அதனைக் கழற்றியதும் தட்டு உயிர்பெற்றது. ஆண்டு மலர்கள் மீண்டன. அன்றே அவற்றுக்குப் பிரதி எடுத்தோம். இரண்டாவதில், தீங்கு உள்ளிருந்து படிக்கும் பகுதிவரை சென்றிருந்தது. அதனை மீட்க அவர் சொன்ன செலவு மன்றத்தின் ஓராண்டு வருமானத்தினும் அதிகம். முதிய ஆசிரியரின் குரல் இருந்தது அந்தத் தட்டில்.

சில வாரங்களின் பின் அவருடைய மகள் வாசிகசாலைக்கு வந்தார். தந்தையின் ஆண்டுத் திதி வருகின்றது, அவரது பேச்சிலே சிறிதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கேட்பிக்க வேண்டும், ஒரு பிரதி தாருங்கள் என்றார். நடந்ததைக் கூறினோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "அப்ப ஐயான்ர குரலை இனிக் கேட்க ஏலாதோ?" என்று மட்டும் கேட்டார். அதற்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அந்தத் தட்டு இன்றும் மன்றத்தின் அலுமாரியில், துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. செலவுக்கான நிதி ஒன்றைத் தொடங்கியிருக்கின்றோம். இன்னும் பாதிவழி வரவில்லை.

அன்பர்களே, பொருந்துவதெல்லாம் பொருத்தமானதன்று. இதுவே நாம் கற்ற பாடம். முள்முருக்கமிலையும் பூவரசமிலையும் தூரத்தே ஒன்றுபோலத் தோன்றலாம். ஆட்டுக்கு வைப்பவன் அருகே சென்று பார்த்தே வைக்கிறான். துளைக்குள்ளே செல்கின்றது என்பதை நாம் அனுமதி என்று கொண்டோம். அது அனுமதியன்று. இது யாருடைய பெட்டி, இது யாருடைய கம்பி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாற் போதும். பத்து நிமிடத்தை மிச்சம்பிடித்துப் பதினொரு மணித்தியாலத்தை இழந்தோம்.

ஆகவே, மன்றத்தின் செயற்குழு ஏற்றுக்கொண்ட மூன்று விதிகளை இங்கே அறியத் தருகின்றோம். முதலாவது: மின்வழங்கி மாறும்போது அதன் கம்பிகள் அனைத்தும் கூடவே மாறும், பழையவற்றுள் ஒன்றேனும் கூட்டுக்குள் தங்கக்கூடாது. புதிய பெட்டியின் பெயரும் பொருத்திய திகதியும், "இங்குள்ள கம்பிகள் இப்பெட்டிக்கு மட்டும் உரியவை" என்னும் குறிப்பும் கணினிக் கூட்டின் உட்புறத்தில் ஒட்டப்படும். இரண்டாவது: அரிய பதிவு எதுவாயினும் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும். மூன்றாவது: கூட்டைத் திறக்கும்போது இருவர் இருப்பர். ஒருவர் செய்வார், மற்றவர் எழுதிவைத்த பட்டியலை உரக்க வாசித்து, ஒவ்வொன்றாய் அடையாளமிடுவார். வாசிப்பவர் கணினி அறிந்தவராய் இருக்க வேண்டியதில்லை. நிதானம் உள்ளவராய் இருந்தாற் போதும். அதற்கு நம் மூத்தோரினும் தகுதியானவர் யாவர்?

இளைஞர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மின்வழங்கியையும் புதியதையும் மேசைமீது வைத்து, சீட்டை வாசிக்கும் முறையையும் கம்பிகளைப் பிரித்தறியும் முறையையும் காட்டவிருக்கின்றோம். பட்டுப்போன அந்தக் கம்பியும் அங்கே இருக்கும். வந்து கையிலெடுத்துப் பாருங்கள். மூத்தோர்களே, உங்கள் வீட்டு அலுமாரிகளில் பழைய படங்களோ ஒலிநாடாக்களோ இருந்தாற் கொண்டு வாருங்கள். ஆசிரியரின் பேச்சை அவர் தம் கையிலிருந்த சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் எவரேனும் பதிந்து வைத்திருப்பின், ஒரு பகுதியாயினும் சரி, அதனையும் தேடித் தாருங்கள். இம்முறை முதலிற் பிரதி எடுப்போம், பின்னரே மற்றவை.